முழங்குங் குழாய்கள்

வெயில் ஓயாத நாட்டிற் பிறந்தவர்க்கு வீடு என்பது நிழல் தருவது. பனி பெய்யும் நாட்டிற் குடியிருப்போர்க்கோ அது வெப்பந் தருவது. நியூயோர்க் நகரில் இதனைச் சட்டமே வற்புறுத்துகின்றது. ஒக்ரோபர் 1ஆந் திகதி தொடக்கம் மே 31ஆந் திகதி வரை, பகற்பொழுதில் வெளியே வெப்பநிலை 55 பாகை பரனைற்றுக்குக் கீழிறங்குமாயின், வீட்டினுள்ளே 68 பாகையேனும் இருத்தல் வேண்டும். இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை 62 பாகைக்குக் குறைதலாகாது. வீட்டை வாடகைக்குக் கொடுத்தவரின் கடமை இது.

கடமையைச் சட்டம் வகுக்கலாம். வெப்பத்தை அறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது நீராவியன்றோ? அந்நகரிலே இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுந்த மாடிவீடுகள் பல இன்றும் நீராவியாலேயே சூடேற்றப்படுகின்றன. நிலவறையில் ஒரு கொதிகலன். அதிலிருந்து மேலெழும் இரும்புக் குழாய்கள். அறைதோறும் சன்னலின் கீழே விலாவெலும்புகள் போல வரிசையாய் நிற்கும் வார்ப்பிரும்புக் கலம். இக்கலத்தை ரேடியேற்றர் என்பர். அத்தகைய வீடொன்றிற் சில பனிக்காலங்களைக் கழித்தமையால், அதன் நோய்களையும் அவற்றுக்குரிய மருத்துவத்தையும் அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

இம்முறையின் அடிப்படை, பாடசாலையில் நாம் கற்ற பௌதிகமே. ஒரு கிராம் நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அதே நீரை ஆவியாக்குதற்கோ மேலும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். மறைவெப்பம் எனப்படும் இதனைச் சுமந்துகொண்டே ஆவி மாடிகளுக்கு ஏறுகின்றது. குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் மீண்டும் நீராக ஒடுங்கி, சுமந்து வந்ததை அறைக்கு ஈந்துவிட்டு, ஒற்றைக்குழாய் முறையிலே தான் ஏறிய குழாய் வழியாகவே கீழிறங்குகின்றது.

ஆனால் ஆவி வருமுன் அக்குழாய்கள் வெறுமையாய் இருப்பதில்லை. வளி அவற்றை நிறைத்து நிற்கின்றது. அவ்வளி வெளியேறினாலன்றி ஆவி உட்புகாது. நீத்துப்பெட்டியிலே மாவை அழுத்தி அடைத்துவிட்டாற் பிட்டு அவியாது என்பதை நம் அடுக்களைகள் அறியும். ஆதலால் ஒவ்வொரு ரேடியேற்றரின் பக்கத்திலும் சிறியதொரு வளிப்போக்கியைப் பொருத்தியிருப்பர். அது வளியை வெளியே விடும். ஆவியின் சூடு பட்டதும் தானே மூடிக்கொள்ளும்.

நான் இருந்த மாடியில் ஓர் அறை எந்நாளும் குளிர்ந்தே கிடந்தது. கட்டடத்தைப் பராமரிப்பவர் ஆவியின் அமுக்கத்தை உயர்த்திப் பார்த்தார். கீழ்மாடியினர் சூடு தாங்காது சன்னல்களைத் திறந்தனர். எரிபொருட் செலவு ஏறியது. அவ்வறை குளிர்ந்தபடியே இருந்தது. பின்னர் அழைக்கப்பட்ட முதிய தொழிலாளர் ஒருவர் முதலிற் செய்தது, உயர்த்திய அமுக்கத்தைக் குறைத்ததே. வீட்டை வெப்பமூட்டச் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தலுக்கு மேல் வேண்டியதில்லை என்றும், அமுக்கம் மிகுந்தால் ஒருமுறை மூடிய வளிப்போக்கி மீண்டும் திறவாது போகலாம் என்றும் அவர் விளக்கினார். அடுத்து அவ்வறையின் வளிப்போக்கியைக் கழற்றிக் காட்டினார். சுவருக்குப் பூசிய வர்ணம் அதன் துவாரத்தை அடைத்திருந்தது. புதியதொன்றைப் பொருத்திய அன்றே அறை சூடாயிற்று.

இரண்டாவது நோய் முழக்கம். விடியற்காலையிற் கொதிகலன் எழும்போது, குழாயினுள் எவரோ சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை வீடெங்கும் அதிரும். இது தேங்கிய நீரின் வேலை. ஒடுங்கிய நீர் இறங்கிச் செல்லக் குழாய்க்கும் ரேடியேற்றருக்கும் மெல்லிய சாய்வு வேண்டும். ஆண்டுகள் பல செல்லக் கட்டடம் அமிழ்ந்து அச்சாய்வு கெடுகின்றது; நீர் தங்குகின்றது; விரைந்து வரும் ஆவி அந்நீரை வாரி எடுத்துக் குழாயின் வளைவில் மோதுகின்றது. ஒற்றைக்குழாய் முறையில் வால்வைப் பாதி திறந்து வைப்பினும் இதுவே விளையும். அதனை முற்றாகத் திறத்தல் அல்லது முற்றாக மூடுதல் வேண்டும். அம்முதியவர் மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டத்தை ரேடியேற்றரின் மேல் வைத்துப் பார்த்தார். வால்வுக்கு எதிர்ப்பக்கத்துக் கால்களின் கீழே சிறு மரத்துண்டுகளைச் செருகினார். முழக்கம் அடங்கிற்று.

மூன்றாவது, குழாய்கள் போர்வை இழந்தமை. முற்காலத்தில் அவற்றைக் கல்நாராற் போர்த்தினர். அது நுரையீரலுக்குக் கேடு என்பது தெளிந்தபின் பல இடங்களில் அகற்றினர். ஆயினும் வேறு போர்வை இடாது விட்டமையால், ஆவி மாடிக்கு ஏறுமுன்னரே நிலவறையில் ஒடுங்கிவிடுகின்றது. பழைய கல்நார் எஞ்சியிருப்பின் அதனைத் தொடாது உரிய பயிற்சி பெற்றவரையே அழைத்தல் வேண்டும்.

இலண்டன் முதலிய இடங்களில் வெந்நீர் ஓடும் வீடுகளே மிகுதி. அங்கும் இலக்கணம் ஒன்றே. ரேடியேற்றரின் மேற்பாகம் குளிர்ந்திருப்பின் வளி தங்கியுள்ளது. சிறு சாவியால் அதனை வெளியேற்றலாம். கீழ்ப்பாகம் குளிர்ந்திருப்பின் சேறும் துருவும் படிந்துள்ளன, கழுவுதல் வேண்டும்.

இவையெல்லாம் பொறுக்கத்தக்க நோய்கள். பொறுக்கலாகாதன இரண்டுள. கொதிகலனின் பக்கத்திலுள்ள கண்ணாடிக் குழாய் நீரின் அளவைக் காட்டும். அதில் நீர் காணப்படாதாயின் உடனே நெருப்பை நிறுத்திக் கலன் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். காய்ந்து பழுத்த கலத்துட் குளிர்நீரை விடுவோர் வெடிப்பை அழைப்போராவர். 1905 மார்ச் 20ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் புறொக்டன் நகரில் சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றின் கொதிகலன் வெடித்து 58 உயிர்களைக் கொண்டது. பின்னர் அம்மாநிலம் கொதிகலன்களுக்கு விதிகள் வகுத்தது. 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதித்தொகுப்பும் உருவாயிற்று. மற்றையது காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் அற்ற இந்நச்சு வாயு, புகைபோக்கி அடைபட்டால் வீட்டினுட் பரவும். வீட்டார் பலர்க்கும் ஒருங்கே தலையிடியும் குமட்டலும் தோன்றின் வெளியே ஓடுவதே அறிவு. எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டிற் கொதிகலன் எரியலாகாது.

வெப்பங் கிட்டாதவர் என் செய்வர்? மின்சூடாக்கியை வாங்கிக் கட்டிலருகே வைப்பர். 2022 ஜனவரி 9ஆந் திகதி, நியூயோர்க்கின் பிறொங்ஸ் பகுதியிலுள்ள மாடிக்கட்டடமொன்றில் அத்தகைய சூடாக்கியிலிருந்து மூண்ட தீயின் புகையால் 17 பேர் மாண்டனர். அவர்களுள் 8 பேர் சிறுவர். குளிரறை ஒன்றின் முறைப்பாட்டை அற்பமெனத் தள்ளுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இக்குழாய்களை வகுத்த தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களுடைய அறிவிற் பெரும்பகுதி ஏட்டில் ஏறாது கைப்பழக்கமாகவே இருந்தது. 1992இல் டான் ஹொலஹன் என்பவர் நீராவி வெப்பமூட்டலைப் பற்றி எழுதிய நூலுக்கு, இழந்துபோன கலை என்ற பொருள்படத் தலைப்பிட்டது பொருத்தமே. எங்கள் வீட்டிற்கு வந்த முதியவரிடம் இருந்ததும் அக்கலைதான். வளி போக வழியும் நீர் திரும்ப வழியும் உண்டா என்று பார்த்த பின்னரே அவர் நெருப்பைப் பற்றி வினவினார். வேலை முடிந்ததும், உடன் வந்த இளைஞனிடம் நீர்மட்டத்தைக் கொடுத்து, அடுத்த மாடியின் ரேடியேற்றர்களையும் பார்த்து வருமாறு அனுப்பினார்.