புத்தக மலையும் பலன கோட்டையும்

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் கடுகண்ணாவையைத் தாண்டி இறங்கும்போது, விரித்து வைத்த புத்தகம் போல ஒரு மலை தெரியும். சிங்களத்தில் அது பதலேகல. ஆங்கிலேயர் அதற்கு 'பைபிள் ரொக்' என்று பெயரிட்டார்கள். உயரம் 798 மீற்றர். விவிலியக் கதை எதுவும் அங்கே நடந்ததில்லை, உருவத்தால் வந்த பெயர்தான். (சிவனொளிபாத மலைக்காவது ஆதாமின் பாதம் என்ற நம்பிக்கை உண்டு!) பகைவர் வருவதைக் கண்டால் அதன் உச்சியில் தீ மூட்டிச் சைகை காட்டுவார்கள் என்று சொல்வார்கள்.

எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருடன், பலன கோட்டை இருந்த குன்றில் ஏறி அந்த மலையைப் பார்த்தேன். கோட்டையில் எஞ்சியவை கற்சுவர்ச் சிதைவுகளே. மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, தோனா கதரினாவின் கதையைச் சொன்னேன்.

இயற்பெயர் குசுமாசனதேவி. கண்டி மன்னன் கரலியத்த பண்டாரவின் மகள். இராச்சியத்தை இழந்த தந்தையுடன் சிறுவயதில் தப்பியோடி, போர்த்துக்கேயரிடம் மன்னாரில் வளர்ந்து, ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் பெற்றாள். 1594இல் பேரோ லோபஸ் டி சூசா பெரும்படையுடன் அவளை அழைத்து வந்து கண்டியில் முடிசூட்டினான். அவ்வாண்டு ஒக்டோபரில் தந்துரையில் அப்படை அழிந்தது. வென்ற கொனப்பு பண்டார, விமலதர்மசூரியன் என்ற பெயரில் அரசனாகி அவளை மணந்தான். 1604இல் அவன் இறந்ததும் அடுத்த மன்னன் செனரத் மணந்தான். 1613இல் அவள் இறந்தாள். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரை முறியடித்த இரண்டாம் இராஜசிங்கன் அவள் மகன்.

"அந்தப் பிள்ளைகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா மிஸ்?" என்றார் ஒரு தோட்டத்துத் தாய். யாரும் பேசவில்லை. பல்கலைக்கழகத்தில் திருமணமுறைகள் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அதே தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புதன்கிழமை வீட்டுப் பக்கம் வர முடியுங்களா மிஸ்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. மூத்தவ உயர்தரம் படிக்கணும்ங்கிறா. அவங்க அப்பாகிட்ட சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.