பித்தளைச் சருவமும் குழந்தையின் ஈரலும்

இடம்பெயரும் குடும்பம் கையோடு எடுத்துச் செல்லும் பொருள்களில் பித்தளைச் சருவமும் செம்புக் குடமும் அடங்கும். வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் அவை தலைமுறைச் சொத்து. அவற்றை விற்றுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கைக்குழந்தைக்குரிய பாலை மட்டும் அவற்றில் காய்ச்சவோ வைக்கவோ வேண்டாம் என்கிறோம். காரணத்தைப் பார்ப்போம்.

செம்பு உடலுக்குச் சிறிதளவு தேவை, மிகுந்தால் நஞ்சு. குடல் உறிஞ்சும் செம்பு முதலில் ஈரலுக்கே வருகிறது. அதைக் கட்டி வைப்பதற்கு ஈரற் கலங்கள் மெற்றலோதயோனீன் என்னும் சிறிய புரதத்தைச் செய்கின்றன. 1957 இல் குதிரையின் சிறுநீரகத்திலேயே இது முதலில் கண்டறியப்பட்டது. இதிலுள்ள அறுபதுக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்களில் 20, சிஸ்ரீன் என்பது. சிஸ்ரீனிலுள்ள கந்தகம் உலோகத்தை இறுகப் பற்றும்.

வழக்கமாக இப்புரதம் 7 நாக அணுக்கள் வரை தாங்கியிருக்கும். செம்பு வந்தால் நாகத்தை விலக்கி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். விடுபட்ட நாகம் கலத்திலுள்ள வேறொரு புரதத்தோடு சேரும். அப்புரதம் கலத்தின் கருவினுள் சென்று, மெற்றலோதயோனீனுக்குரிய பரம்பரை அலகை இயக்கிவிடும். நெல் வரவரக் கூடுதல் சாக்குத் தைப்பது போல, செம்பு வரவரப் புதிய புரதம் உருவாகும்.

பெரியவரின் ஈரல் மிகுதிச் செம்பைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் ஈரலிலோ இயல்பாகவே செம்பு நிறைந்திருக்கும். வெளியேற்றும் திறனும் முதிர்ந்திராது. சாக்குகள் போதாமற்போனால் எஞ்சிய செம்பு ஈரலைச் சிதைத்து இறுகச் செய்யும்.

இந்தியாவில் இந்நோய் பல குழந்தைகளைக் கொன்றது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைத்த பாலை மிக இளவயதிலேயே கொடுத்தமைக்கும் இதற்கும் தொடர்புண்டு என்று புனேயில் நடந்த ஆய்வு 1983 இல் காட்டியது. ஒஸ்ரியாவின் ரிரோல் பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இத்தகைய நோயால் இறந்தனர். பரம்பரைக் குறையும் இதற்குத் துணைபோனதாகக் கருதப்படுகிறது. ஆயினும் பாத்திரம் மாறியபின் ரிரோலில் நோய் மறைந்தது, இந்தியாவிலும் அரிதாயிற்று.

ஆகவே முதல் 6 மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். அது எந்தப் பாத்திரத்தையும் தொடுவதில்லை. பின்னர் கொடுக்கும் பாலுக்கு எவர்சில்வர் பாத்திரம் போதும். புளி, மோர், தயிர் போன்ற புளிப்பானவற்றை ஈயம் பூசாத பித்தளையில் எவருக்கும் வைக்க வேண்டாம். பூச்சுத் தேய்ந்தால் மீண்டும் பூசுவியுங்கள். அது வெள்ளீயமாக இருக்கட்டும், காரீயம் நஞ்சு. செம்மறி வளர்ப்போர் மாட்டுக்குரிய தாதுக் கலவையை அதற்குக் கொடுக்கலாகாது. செம்மறியின் ஈரலும் செம்பை எளிதில் வெளியேற்றாது.

சருவம் வீட்டில் இருக்கட்டும். குழந்தையின் பால் வேறு பாத்திரத்தில் இருக்கட்டும்.