கூடிக் கற்ற நிரலர் சங்கங்கள்

கணினி என்பது ஒருவர் தனித்திருந்து ஆளும் கருவியாகவே இந்நாளில் நமக்குத் தோன்றுகின்றது. ஆயினும், அதற்கு ஆணையிடும் நிரற்கலையின் வரலாற்றை நோக்குவோமாயின், அக்கலை கூடியிருந்து கற்றோராலும் வளர்ந்ததென்பது புலனாகும். அத்தகையோர் அமைத்த சங்கங்களின் தோற்றத்தையும், அவற்றிடையே எழுந்த ஒரு பெருவழக்கையும் ஈண்டுச் சுருக்கமாய்க் கூறுவோம்.

இவற்றுள் மிகப் பழையது 'ஷேர்' என்னும் சங்கம். ஐ.பி.எம். 704 என்னும் பெருங்கணினியை வாங்கவிருந்த நிறுவனத்தார் 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இதனை அமைத்தனர். ஒரே நிரலைப் பலரும் தனித்தனியே எழுதுதல் வீண் உழைப்பெனக் கண்டு, ஒருவர் எழுதியதை மற்றவரும் எடுத்தாள வழி செய்தனர். எனினும், அது நிறுவனங்களின் சங்கமேயன்றி ஊராரின் சங்கமன்று. தனியொருவர் கணினி வாங்குதல் அக்காலத்தில் இயலாததாயிருந்தது.

1975 ஜனவரியில் அந்நிலை மாறிற்று. வாங்குவோரே உறுப்புகளைப் பூட்டிக்கொள்ளத்தக்க 'ஆல்டேர் 8800' என்னும் சிறு கணினி, 400 டாலருக்கும் குறைந்த விலையில் வெளிவந்தது. அதற்குத் திரையுமில்லை, எழுத்துப் பலகையுமில்லை. முகப்பில் சிறு விசைகளும் விளக்குகளுமே இருந்தன. அதனை இயக்கும் வகையை ஒருவரையொருவர் கேட்டறிய வேண்டியதாயிற்று. ஆதலின் அவ்வாண்டு மார்ச்சு 5-ஆம் நாள், கலிபோர்னியாவிலுள்ள மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பாரின் மோட்டார் வண்டிக் கொட்டகையில் முப்பதின்மர் அளவில் கூடினர். ஹோம்புரூ கணினிச் சங்கம் இவ்வாறு பிறந்தது. அதன் உறுப்பினராகிய ஸ்டீவ் வாஸ்னியாக், 'ஆப்பிள் 1' கணினிக்குத் தாம் வரைந்த படங்களைத் தோழர்க்கு இலவசமாகவே வழங்கினார்.

இப்பகிர்வே வழக்கிற்கும் வித்தாயிற்று. ஆல்டேருக்கென விற்கப்பட்ட 'பேசிக்' நிரலைத் தாங்கிய துளையிட்ட காகித நாடாவைச் சிலர் படியெடுத்துச் சங்கத்தாரிடையே பரப்பினர். அந்நிரலை எழுதியோருள் ஒருவரான பில் கேட்ஸ், 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதமொன்று வரைந்தார். கணினி வாங்கினோருள் பத்திலொரு பங்கினர்கூட நிரலுக்கு விலை கொடுக்கவில்லையென்றும், அது களவேயென்றும், கூலியின்றி நல்ல நிரல் எழுத எவரால் இயலும் என்றும் அவர் முறையிட்டார்.

இம்முறையீடு நியாயமற்றதன்று, உழைத்தவன் கூலிக்கு உரியவனன்றோ? ஆனால் அவர் வினாவுக்கு நிரலர் சிலர் செயலாலேயே விடை தந்தனர். டென்னிஸ் அல்லிசன் என்பார் 'டைனி பேசிக்' என்னும் சிறு மொழிக்குரிய அமைப்பை யாவர்க்கும் வெளியிட, பலர் அதனைத் தத்தம் கணினிக்கேற்ப எழுதினர். அவருள் டாம் பிட்மன் என்பார் தமது நிரலை 5 டாலருக்கே விற்றார். பிறர் பொருளைக் கேளாது எடுத்தல் வேறு, தம் பொருளை மனமுவந்து அளித்தல் வேறு என்னும் உண்மை இதனால் விளங்கிற்று.

ஹோம்புரூ சங்கம் 1986-இல் முடிவுற்றது. ஆயினும் அதன் வழக்கம் முடிவுறவில்லை. 1997-இல் நியூயார்க்கில் 'பெர்ல்' மொழியினர் தொடங்கிய குழுவைப் பின்பற்றிப் பல நகரங்களில் அத்தகைய குழுக்கள் தோன்றின. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. கற்க விழையும் மாணாக்கர் நால்வர் ஓரிடத்தில் கூடி, தாம் அறிந்ததை ஒளியாது உரைப்பாராயின், அங்கும் ஒரு சங்கம் பிறந்ததென்றே கொள்வோம்.