மூட்டை கட்டும் முன் ஒரு போன்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தைய நாள் இரவே புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் தருமபுரி மாவட்டத்தில் அதைப் பற்றிப் பெரிய பயம் எதுவும் இல்லை. புயல் என்றால் அது கடலோரத்துக்காரர்களின் கவலை. ஆனால் வலுவிழந்த புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்தது. திங்கள்கிழமை காலை கணக்கெடுத்தபோது அரூரில் ஒரே நாளில் 33 செ.மீ. மழை பதிவாகியிருந்தது. பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஓர் ஆண்டு முழுவதும் சுமார் 85 செ.மீ. மழை பெய்தாலே ‘நல்ல மழை’ என்று சொல்லும் மாவட்டம் தருமபுரி. ஒரு ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டினால் ஏரி தாங்குமா, ஓடை தாங்குமா?

அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சியைப் பார்த்தவர்களுக்கு அரூர் அதிகம் நினைவிருக்காது. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன காட்சி நினைவிருக்கும். திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டது நினைவிருக்கும். சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டதும், தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை மூழ்கடித்ததும் நினைவிருக்கும். அங்கெல்லாம் உயிர் போனது, வீடு போனது. கேமரா அங்கே போனதில் தவறில்லை. ஆனால் கேமரா போகிற பாதையில்தான் நிவாரண லாரியும் போகிறது. தண்ணீர் நின்ற வயலில் மரவள்ளிக் கிழங்கும் மஞ்சள் கிழங்கும் மண்ணுக்குள்ளேயே அழுகுவதை எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது. செடி பல நாள் பச்சையாகத்தான் நிற்கும். பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பேரிடர் நேரத்தில் கொடுப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் என்றைக்கும் பஞ்சம் இல்லை. 2015 சென்னை வெள்ளம், 2018 கேரள வெள்ளம், அதே ஆண்டு நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல், 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு. எது நடந்தாலும் இங்கே யாரோ ஒருவர் மண்டபத்தைத் திறந்துவிடுகிறார், யாரோ டெம்போ தருகிறார், கல்லூரிப் பிள்ளைகள் அட்டைப் பெட்டிகளோடு கடைகடையாக ஏறி இறங்குகிறார்கள். கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்கச் சேர்த்துவைத்த உண்டியலை உடைத்து சுமார் 9 ஆயிரம் ரூபாயைக் கொடுத்தாள். ஒரு சைக்கிள் நிறுவனம் அவளுக்குப் புது சைக்கிளே பரிசளித்தது. அந்தப் பிள்ளையின் மனசு பெரிது என்று எல்லோரும் எழுதினார்கள். அவள் கொடுத்த முறையும் சரியானது. அது எழுதப்படவில்லை. அவள் தன் பழைய கவுனைக் கொடுக்கவில்லை. பணமாகக் கொடுத்தாள்.

பழைய துணியின் கதையைச் சொல்ல 2004-க்குப் போகவேண்டும். டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. கிழிந்தது, சாயம் போனது, குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டை, துவைக்காமல் மூட்டை கட்டியது எல்லாமும் அதில் இருந்தன. முந்தைய வாரம்வரை சொந்த உழைப்பில் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துக்கொடுத்த மீனவர்கள் அவர்கள். அடுத்தவர் கழித்துப்போட்டதை எடுத்து உடுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. துணி சாலையோரம் குவிந்தது, பனியில் நனைந்தது, மாடு மேய்ந்தது. அதை அப்புறப்படுத்துவதே பிறகு ஒரு தனி வேலையாயிற்று. அப்படித் தமிழகத்தில் தேங்கிய துணிகளைத் தரம் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுசெல்லும் பணியை டெல்லியைச் சேர்ந்த ‘கூஞ்ச்’ என்ற அமைப்பு எடுத்துச் செய்தது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. பருத்தித் துணியைச் சுத்தப்படுத்தி மாதவிடாய்க்கான அணையாடை தைத்துக்கொடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. வெள்ளத்தில் சிக்கிய பெண்களுக்கு முதல் நாளே தேவைப்படுவதும், ஆண்கள் கட்டும் நிவாரண மூட்டையில் மறந்துபோவதும் அதுதான்.

வேண்டாத துணி ஆளைக் கொல்லாது. மருந்து அப்படியல்ல. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டு 25 ஆயிரம் பேர் மாண்டபோது உலகமே மருந்து அனுப்பியது. வந்து சேர்ந்தது ஐயாயிரம் டன். அதைப் பிரித்து வகைப்படுத்த 50 பேர் ஆறு மாதம் உட்கார வேண்டியிருந்தது. உடனே பயன்படக்கூடியதாக இருந்தது சுமார் 30 சதவீதம்தான். மீதியில் காலாவதியானது உண்டு, மருத்துவருக்கே புரியாத மொழியில் பெயர் எழுதியது உண்டு. இடிபாட்டில் காலொடிந்தவர்களைக் கவனிக்க வேண்டிய கைகள் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தன. இதைப் போன்ற அனுபவங்களுக்குப் பிறகு 1996-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து தானத்துக்கென்றே விதிமுறை வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது: கேட்ட மருந்தை மட்டும் அனுப்புங்கள், போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்கட்டும். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் காய்ச்சல் மாத்திரையை நிவாரணப் பெட்டியில் போடும் எவருக்கும் இது பொருந்தும்.

கேட்டுக் கொடுப்பதா, கேளாமல் கொடுப்பதா? தமிழர்களுக்கு இது பழைய கேள்வி. முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். முல்லை ஏறித் தேரில் போகாது, மயில் போர்வையைப் போர்த்திக்கொள்ளாது என்று அன்றைய புலவர்களுக்கும் தெரியும். அந்தக் கொடையைக் ‘கொடைமடம்’ என்று பெயரிட்டே பாடினார்கள். தேவை, தகுதி எதையும் கணக்குப் பார்க்காமல் அள்ளிவிடும் அந்த வெகுளித்தனம் வள்ளலுக்கு அழகு என்றே கொண்டாடினார்கள். ஆனால் கடையெழு வள்ளல்களில் தகடூர்க்காரனின் கதை வேறு மாதிரியானது. இன்றைய தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தானே தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். யாருக்கு அது வேண்டும், யாரிடம் இருந்தால் அது பயன்படும் என்று யோசித்துக் கொடுத்த கொடை அது. சேலம் சாலையில் அதியமான்கோட்டையில் அவனுக்கும் ஔவைக்கும் சிலை வைத்து மணிமண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். பேகனின் நெஞ்சு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதற்குக் குறைவில்லை. வெள்ளத்தில் வீட்டை இழந்தவருக்குத் தேவைப்படுவது அதியமானின் அந்த ஒரு நிமிட யோசனை.

யோசிக்காமல் கொடுத்தால் இன்னொரு விபரீதமும் நடக்கும். சுனாமிக்குப் பின் படகு கொடுக்கத் தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டன. படகு படத்தில் நன்றாக விழும், நன்கொடையாளருக்குக் காட்டலாம். ‘மாருதி’ என்று கடற்கரையில் அழைக்கப்படும் ஃபைபர் படகுகள் பல ஊர்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமாகின. ஏற்கெனவே மீன் குறைந்துகொண்டிருந்த கடலில் மேலும் வலைகள் இறங்கின. அதே மாவட்டத்தில் உப்பளத் தொழிலாளி, உப்புநீர் ஏறிய வயலில் கூலி வேலை இழந்தவர், மீனைத் தலையில் சுமந்து விற்ற பெண்கள் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். கடல் அவர்களையும்தான் அடித்தது. ஆனால் சுனாமி என்றால் மீனவர், மீனவர் என்றால் படகு என்று தூரத்தில் இருந்தவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

அந்த நாகப்பட்டினத்திலேயே இதற்கு ஒரு மாற்றும் பிறந்தது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்த நிலையில், அவற்றை ஒருங்கிணைக்க மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு 2005 தொடக்கத்திலேயே ஒரு மையம் அமைக்கப்பட்டது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் உள்ளூர் அமைப்பான ஸ்நேகாவும் அதை முன்னின்று நடத்தின. எந்த ஊரில் என்ன தேவை, எது ஏற்கெனவே போய்ச் சேர்ந்தது, யார் எதைச் செய்கிறார்கள் என்ற தகவலை ஓரிடத்தில் திரட்டுவதுதான் அதன் வேலை. பாயும் பாத்திரமும் கொடுப்பதைவிடச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் அதுதான் ஒரே ஊருக்கு ஐந்து லாரி போவதையும் அடுத்த ஊருக்கு ஒன்றும் போகாததையும் கண்ணில் காட்டியது.

இப்படி ஒரு மையம் எல்லாப் பேரிடரிலும் அமைவதில்லை. அமையாதபோது ஒரு போன் போதும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறைக்கு 1070. அங்கே கேட்கலாம். அதைவிட நல்லது, அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் உள்ளூர் அமைப்பையோ, பள்ளி ஆசிரியரையோ, மகளிர் சுய உதவிக் குழுவையோ கேட்பது. “நாங்கள் இதைக் கொண்டுவருகிறோம்” என்று சொல்வதற்கும் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பதற்கும் இடையே ஒரு லாரி டீசல் மிச்சமாகும். கஜாவின்போது நெடுஞ்சாலையோர ஊர்களுக்குப் பிஸ்கட்டும் ரொட்டியும் வந்துகொண்டே இருக்க, உள்ளே இருந்த கிராமத்து மக்கள் சாலைக்கு வந்து வண்டிகளை மறித்து நின்றார்கள். அவர்கள் கேட்டது கூரைக்குத் தார்ப்பாய், குடிக்கத் தண்ணீர், மின்சாரம் இல்லாத இரவுக்கு மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி. அரூர் பக்கம் இதை இன்னும் கூடுதலாக யோசிக்க வேண்டும். தாலுகா தலைநகர் வரை லாரி வந்துவிடும். சித்தேரி மலைக்கு மேலே இருப்பவர்களை எட்ட, மண் சரிந்தால் மூடிக்கொள்ளும் மலைப்பாதைதான் வழி.

அரசு கொடுப்பது என்ன, கொடுக்க முடியாதது என்ன என்று தெரிந்துகொண்டால் தனிமனிதரின் பணம் சரியான இடத்தில் போய் விழும். ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், சேதமடைந்த குடிசைக்கு 10 ஆயிரம், மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4 ஆயிரம் ரூபாய். 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த நெல்லுக்கும் மற்ற இறவைப் பயிர்களுக்கும் ஹெக்டேருக்கு 17 ஆயிரம், மானாவாரிப் பயிருக்கு 8,500. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசின் பங்காக 944.80 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. இவை தேவையான தொகைகள். ஆனால் கணக்கு வி.ஏ.ஓ.வின் அடங்கலிலும் பட்டாவிலும் தொடங்குகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு நிலம் எடுத்து மஞ்சள் போட்டவருக்குப் பட்டா இல்லை. வயலில் வேலை இல்லாமல் போன கூலிப் பெண்ணின் பெயர் எந்தப் பயிர்க் கணக்கிலும் இல்லை. பதிவேட்டில் இடம் கிடைக்காத இந்த இருவரை உள்ளூர்க்காரர் மட்டுமே அடையாளம் காட்ட முடியும். தனிமனிதரின் கொடை முதலில் போக வேண்டிய இடம் இதுவே.

பணம் எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுப்பதற்கு வருமான வரிச் சட்டப்படி முழு வரிவிலக்கு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. தொண்டு நிறுவனம் என்றால் வருமான வரித் துறைப் பதிவையும், நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் அதன் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். பத்து நிமிட வேலை இது. வெள்ளம் வந்த மறுநாளே வாட்ஸப்பில் சுற்றும் கியூஆர் கோடுக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கேரள வெள்ளத்தின்போது முதலமைச்சர் நிதியின் பெயரிலேயே போலிக் கணக்குகள் முளைத்தன. அழுகிற குழந்தையின் படம் போட்டு, தனிநபரின் எண்ணுக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் தமிழர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பதை வெளிநாட்டு நன்கொடையாகச் சட்டம் கருதுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரென்றால், வெளிநாட்டு நிதி பெற அனுமதி உள்ள அமைப்புக்கு மட்டுமே அனுப்பலாம். இது தெரியாமல் நல்ல மனதோடு அனுப்பிய பணம் சிறிய உள்ளூர் அமைப்புகளைச் சிக்கலில் மாட்டிவிடும்.

கடைசியாக, நாள் கணக்கு. முதல் வாரத்தில் எல்லோரும் கொடுக்கிறார்கள். சோற்றுப் பொட்டலம் மிஞ்சிப்போகிறது. மூன்றாவது வாரத்தில் தண்ணீர் வடிகிறது, முகாம் மூடப்படுகிறது, செய்தி வேறு பக்கம் திரும்புகிறது. கடன் தவணைக்காரர் வாசலுக்கு வருவது அதற்குப் பிறகுதான். நனைந்த புத்தகத்துக்குப் பதில் புதுப் புத்தகம், மண்மூடிய கிணற்றைத் தூர்வாரும் கூலி, அடுத்த போகத்துக்கு மரவள்ளிக் கரணையும் விதை மஞ்சளும். இவையெல்லாம் பொங்கலுக்குப் பிறகு வரும் செலவுகள். பத்தாயிரம் ரூபாய் கொடுக்க நினைப்பவர் ஐந்தாயிரத்தை அந்த மாதங்களுக்கென்று எடுத்துவைத்தால், அதன் மதிப்பு கூடும். கஜா சாய்த்த தென்னந்தோப்புகளுக்கு 2018 நவம்பரில் ரொட்டி கொண்டுபோனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். மறு ஆண்டு தென்னங்கன்று கொண்டுபோனவர்கள் கொஞ்சம் பேர். நெட்டை ரகக் கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் 2019-இல் நட்ட கன்றுகள் முதல் பாளை விடும் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தன, அரூரில் அந்த மழை கொட்டிய ஞாயிற்றுக்கிழமை.