விஷச் சாராயம்: வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்திருக்கலாமா?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தோம். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கொடுமை. இன்னமும் மக்களிடம் உலவும் சில சந்தேகங்களுக்கு விளக்கம் இது.

சாராயம் எப்படி விஷமாகிறது?

போதைக்குக் காரணம் எத்தனால். பெயிண்ட், தின்னர் போன்றவற்றில் பயன்படும் மெத்தனாலைப் பாக்கெட் சாராயத்தில் கலக்கும்போதுதான் உயிர் போகிறது. மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, மூச்சு வாங்குகிறது.

பற்றவைத்துப் பார்த்தால் தெரியாதா? நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்கிறார்களே?

நம்பவே கூடாது. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். வாசனையிலும் ருசியிலும்கூட வித்தியாசம் பிடிபடாது.

குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியவர் மறுநாள் ஏன் சுருண்டு விழுகிறார்?

உடலில் அமிலம் சேர நேரம் பிடிக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் தெரியும். கூடவே வேறு மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டார் அசட்டையாக இருந்துவிடுவது இதனால்தான். ஒரே இடத்தில் வாங்கிக் குடித்த ஒருவருக்கு இப்படி ஆனால், உடன் குடித்த அத்தனை பேரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்து, மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தால் முறியுமா?

முறியாது. வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையையும் உயிரையும் பறிக்கும். மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்தோ, அது இல்லாவிட்டால் அளவு பார்த்து எத்தனாலோ கொடுத்து மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுப்பார்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். எத்தனால் கொடுப்பார்கள் என்றதும் வீட்டிலேயே இன்னொரு குவார்ட்டர் ஊற்றிக் கொடுப்பது பெரும் ஆபத்து.

போலீஸ் வழக்கு வருமே?

இந்தப் பயத்தில்தான் பல குடும்பங்கள் வாய் திறப்பதில்லை. இது விஷம் குடித்த வழக்கு என்பதால் மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் சொல்லும்; ஆனால் சிகிச்சைதான் முதலில், சட்ட நடைமுறையெல்லாம் பிறகு என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், உயிர்ப்பலி வாங்கும் கள்ளச்சாராய வியாபாரிக்கு ஆயுள் தண்டனை வரை வழிவகுக்கிறது. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆம்புலன்சுக்கு 108.