இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும்

பாட்டிக்கு அப்போது வயது எண்பத்தேழு. பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கியவர். வீட்டு அஞ்சடியில் அமர்ந்து, அதிகாலைப் பெரட்டு, மழை நாளில் இழந்த கூலி, மூங்கில் தொட்டிலில் பாடிய தாலாட்டு என எல்லாவற்றையும் சொன்னார். மொத்தம் 43 நிமிடங்கள். என் வானொலி வாழ்க்கையில் நான் செய்த நல்ல ஒலிப்பதிவுகளில் அதுவும் ஒன்று.

இன்று அதில் என்னிடம் மிஞ்சியிருப்பது நான்கு நிமிடம் மட்டுமே. யாரும் திருடவில்லை, வைரஸும் இல்லை. நான்தான் அழித்தேன், அழிக்கிறேன் என்று தெரியாமலேயே.

நடந்தது இதுதான். ஒலிபரப்புக்காக அந்தப் பதிவைச் சுருக்க வேண்டியிருந்தது. அப்போது நான் பணியாற்றிய இடத்தில், கோப்புகளை வெளியே எடுக்கவும் உள்ளே சேர்க்கவும் ஒரு சிறிய மென்பொருள் வைத்திருந்தார்கள். அதில் பதிவை ஜிப் கோப்பாக ஏற்றுமதி செய்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு நிமிடமாக வெட்டினேன். மறுநாள் அதே பெயரில், அதே ஜிப்பில் வைத்து இறக்குமதி செய்தேன். அது ‘புதியவை’ என்ற கோப்புறைக்குள் போய் அமரும் என்றே நினைத்தேன்.

அது அங்கே போகவில்லை. ஏற்றுமதியின்போது மென்பொருள் அந்தக் கோப்பின் பெயரோடு அது இருந்த முகவரியையும் சேர்த்து எழுதியிருந்தது. இறக்குமதியின்போது அந்த முகவரியை அப்படியே நம்பி, ‘புதியவை’யை விட்டு வெளியேறி, ஆவணக் கோப்புறைக்குள் நுழைந்து, 43 நிமிட மூலப் பதிவின் மேல் நான்கு நிமிடத்தை வைத்துவிட்டது. ‘மாற்றட்டுமா?’ என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பாட்டி தவறிவிட்டார். பேரன் அழைத்து, முழுப் பதிவையும் கேட்டார். அப்போதுதான் திறந்து பார்த்தேன். ஒலிப்பதிவுக் கருவியின் அட்டையில் எப்போதோ வேறு நிகழ்ச்சிகள் ஏறிவிட்டன. காப்புப் பிரதியிலும் நான்கு நிமிடம்தான், ஏனென்றால் அது மாறிப்போன கோப்பைத்தான் தினமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தது.

தொழில்நுட்பப் பிரிவு அண்ணன் ஜிப்பைத் திறந்து காட்டினார். கோப்பின் பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் இருந்தன. “இதுதாம்மா வேலையைக் காட்டியிருக்கு” என்றார்.

கணினி மொழியில் இரண்டு புள்ளிகளுக்கு ஒரே பொருள்தான்: இப்போது இருக்கும் கோப்புறையிலிருந்து ஒரு படி வெளியே போ. அதையே இரண்டு மூன்று முறை எழுதினால், இரண்டு மூன்று படி வெளியே போகலாம். பிறகு எந்தக் கோப்புறைக்குள்ளும் நுழையலாம். பாதை தாண்டல் என்று சொல்லக்கூடிய இந்தக் குறைபாட்டை ஆங்கிலத்தில் ‘பாத் டிராவர்சல்’ என்கிறார்கள்.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். லோரியில் வந்த பெட்டிகளை ஸ்டோரில் அடுக்கச் சொல்லி ஒரு பையனிடம் விட்டிருக்கிறீர்கள். ஒரு பெட்டியின் மேல், ‘ஸ்டோரை விட்டு வெளியே வா, முன்கடைக்குப் போ, கல்லாப்பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வை’ என்று எழுதியிருக்கிறது. பையன் அப்படியே செய்தால் குற்றம் யாருடையது? எழுதியவன் குறும்பன்தான். ஆனாலும், பெட்டியில் எழுதியிருப்பதற்கெல்லாம் கீழ்ப்படியாதே என்று பையனுக்கு நாம் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

என் கதையில் எழுதியவன் குறும்பன்கூட இல்லை. வேண்டுமென்றே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

‘வின்ரார்’ தெரியாதவர்கள் குறைவு. நாற்பது நாள் இலவசம் என்று வந்து, பல வீட்டுக் கணினிகளில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் மென்பொருள் அது. 50 கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்துவதாக அதன் நிறுவனமே சொல்கிறது. 2019 பிப்ரவரியில் ‘செக் பாயிண்ட்’ ஆய்வாளர்கள் அதில் ஓர் ஓட்டையை வெளியிட்டார்கள். ‘ஏஸ்’ என்ற பழைய வகைச் சுருக்கக் கோப்பைப் பிரிக்கும் பகுதியில், சுமார் 19 ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஓட்டை. நீங்கள் எந்தக் கோப்புறையில் பிரிக்கச் சொன்னாலும், உள்ளிருக்கும் கோப்பு தானே தேர்ந்தெடுத்த இடத்துக்குப் போய்விடும். அந்தப் பகுதியின் மூல நிரல் வின்ரார் நிறுவனத்தாரிடம் இல்லாததால், ஏஸ் வசதியையே நீக்கிவிட்டார்கள்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2025 ஜூலையில் ‘ஈசெட்’ நிறுவன ஆய்வாளர்கள் அதே வின்ராரில், அதே இனத்தைச் சேர்ந்த இன்னோர் ஓட்டையைக் கண்டார்கள். அதை ஒரு கும்பல் ஏற்கனவே பயன்படுத்திக்கொண்டிருந்தது. வேலைக்கு விண்ணப்பிப்பவர் அனுப்பிய தன்விவரம் போல ஒரு கோப்பு ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் போனது. பிரித்தால் கண்ணுக்குத் தெரிவது தன்விவரம் மட்டும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, விண்டோஸின் ‘ஸ்டார்ட்அப்’ கோப்புறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே இருப்பதெல்லாம் அடுத்த முறை நீங்கள் கணினிக்குள் நுழையும்போது தானாக ஓடும்.

‘நான் தனிக் கோப்புறையில்தான் பிரிக்கிறேன், எனக்கென்ன?’ என்று கேட்கலாம். அந்தக் கோப்புறையின் சுவரைத் தாண்டுவதுதான் இந்த ஓட்டையின் வேலையே.

இது ஒரு மென்பொருளின் தலைவலி மட்டுமல்ல. 2018 ஜூனில் ‘ஸ்நிக்’ நிறுவனம் இதே குறைபாட்டைப் பல நிரல் நூலகங்களில் கண்டு, ‘ஜிப் ஸ்லிப்’ என்று பெயரிட்டது. பைத்தன் மொழியில் ‘டார்’ கோப்புகளைப் பிரிக்கும் பகுதியில் இது 2007-லேயே பதிவானது. நம்பாத கோப்புகளைப் பிரிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடு அப்போது விட்டுவிட்டார்கள். 2022-இல் ‘டிரெல்லிக்ஸ்’ நிறுவனம் கணக்குப் போட்டபோது, சுமார் 350,000 திறந்த மூலத் திட்டங்களில் அந்த அபாயம் இருக்கலாம் என்றது. பிரிக்கும்போது தானாகவே தடுக்கும் வழக்கம் பைத்தனுக்கு வந்தது 2025-இல் வெளியான 3.14 பதிப்பில்தான்.

தீர்வு பெரிய வித்தை அல்ல. கோப்பை எழுதும் முன், அது உண்மையில் எங்கே போய் நிற்கும் என்று முழு முகவரியையும் மென்பொருள் கணக்கிட வேண்டும். அந்த முகவரி, நாம் சொன்ன கோப்புறைக்குள் இல்லையென்றால் மறுத்துவிட வேண்டும். இரண்டு புள்ளிகளை மட்டும் தேடி நீக்கினால் போதாது. ‘சி’ டிரைவிலிருந்து தொடங்கும் முழு முகவரியும் வரலாம், வேறிடத்தைக் காட்டும் இணைப்புக் கோப்பும் வரலாம். ஏற்கனவே அதே பெயரில் கோப்பு இருந்தால், கேட்காமல் மாற்றவும் கூடாது. உங்கள் பிள்ளை நிரல் எழுதப் படிக்கிறார் என்றால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நம் பங்குக்கும் சில வேலைகள் உண்டு. வின்ரார் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. அதன் ‘ஹெல்ப்’ பகுதியில் ‘அபௌட்’ என்பதை அழுத்திப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் 7.13-க்குக் கீழே இருந்தால், அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் வந்த ஜிப், ரார் கோப்புகளை, அனுப்பியவரைக் கேட்காமல் திறக்காதீர்கள். திரும்பக் கிடைக்காத படமோ குரலோ இருந்தால், ஒரு பிரதியைத் தனிக் கருவியில் எடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். தினமும் தானாக ஓடும் காப்பு, தவறையும் தினமும் நகலெடுக்கும் என்பதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

பாட்டியின் பேரனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “பரவாயில்லக்கா, அந்தத் தாலாட்டு மட்டும் இருந்தா அனுப்புங்க. பாப்பாவுக்குப் போட்டுக் காட்டணும்” என்றார்.

அந்த நான்கு நிமிடத்தில் தாலாட்டு இல்லை. ஒலிபரப்பில் நேரம் போதாது என்று முதலில் வெட்டியதே அதைத்தான்.