லாடம் இல்லாத குதிரைக்கு ஷூ எதற்கு? 160 கி.மீ. ஓட்டத்தில் 'ஹூஃப் பூட்' வேலை செய்வது எப்படி?

குதிரைக்கு லாடம் அடிப்பார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குதிரைக்கு ரப்பர் ஷூ மாட்டி மலைப்பாதையில் ஓட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 'எண்டூரன்ஸ் ரைடிங்' எனப்படும் நெடுந்தூரக் குதிரைச் சவாரியில் இது இப்போது சர்வசாதாரணம். இதற்குப் பெயர் 'ஹூஃப் பூட்', அதாவது குளம்புக்கான காலணி.

லாடமே போட்டுவிட்டால் போச்சு, இது எதற்கு என்று கேட்கலாம். அதைப் புரிந்துகொள்ள இந்தச் சவாரி எப்படிப்பட்டது என்று முதலில் பார்க்கணும்.

24 மணி நேரம், 100 மைல்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடக்கும் 'டெவிஸ் கப்', இந்த விளையாட்டின் தாய்வீடு மாதிரி. 1955-ல் வெண்டல் ரோபி என்பவர் தொடங்கி வைத்தது. சியரா நெவாடா மலையில் டாஹோ ஏரிப் பக்கம் அதிகாலையில் கிளம்பி, 100 மைல், அதாவது 160 கி.மீ. தாண்டி ஆபர்ன் நகருக்குள் 24 மணி நேரத்தில் வந்து சேர வேண்டும். நடுவில் எரிமலைப் பாறை, கூழாங்கல் பாதை, வெயிலில் கொதிக்கும் பள்ளத்தாக்குகள், ஓர் ஆறு. கடைசிக் கட்டம் இருட்டில்தான். அதனால்தான் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி குறிக்கிறார்கள்.

வேகமாக ஓடினால் மட்டும் ஜெயித்துவிட முடியாது. வழியில் பல இடங்களில் கால்நடை மருத்துவர்கள் நிற்பார்கள். குதிரையின் நாடித்துடிப்பு குறிப்பிட்ட நேரத்துக்குள் குறைய வேண்டும், பெரும்பாலும் நிமிடத்துக்கு 60 அல்லது 64-க்குள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். லேசாக நொண்டினாலும் அவ்வளவுதான், அந்தக் குதிரைக்குப் போட்டி அங்கேயே முடிந்தது. 98 மைல் வந்திருந்தாலும் கணக்கில் வராது. கிளம்பும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் முடிக்கின்றன. வெளியேறும் காரணங்களில் நொண்டுதல் முக்கியமானது.

இதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. 1973-ல் கார்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை பாதி வழிகூட வராமல் நொண்டிப் போட்டியிலிருந்து வெளியேறியது. அடுத்த ஆண்டு அவர் குதிரையே இல்லாமல் அதே பாதையைத் தன் காலால் ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். இன்று உலகப் புகழ்பெற்ற 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' 100 மைல் ஓட்டப்பந்தயம் அப்படிப் பிறந்ததுதான்.

லாடத்தில் என்ன பிரச்னை?

குளம்பு என்பது நம் நகம் மாதிரியான கெரட்டின் பொருள். ஆனால் அது வெறும் கட்டை இல்லை. அடியில் 'ஃப்ராக்' எனப்படும் முக்கோண வடிவ மெத்தைப் பகுதி இருக்கிறது. கால் தரையில் பதியும்போது குளம்பின் பின்பகுதி லேசாக விரிந்து, தூக்கும்போது சுருங்கும். அதிர்ச்சியைத் தாங்குவதில் இந்த அசைவுக்குப் பங்கு உண்டு.

இரும்பு லாடத்தை ஆணி அடித்துப் பொருத்தினால் இந்த அசைவு குறையும், இரும்பு அதிர்ச்சியையும் உள்வாங்காது என்பது 'பேர்ஃபுட்' தரப்பின் வாதம். வழுவழுப்பான பாறையில் இரும்பு வழுக்கும் என்பதும் உண்மை. இதற்காக லாடம் கெட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. லாடம் போட்ட குதிரைகள் பல தலைமுறைகளாக டெவிஸை முடித்து வந்திருக்கின்றன, இன்றும் முடிக்கின்றன. நல்ல லாடக்காரர் கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான்.

சரி, லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டலாமா? சின்ன தூரத்துக்கு, மண் பாதைக்கு ஓகே. ஆனால் குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். 160 கி.மீ. கல் பாதையில் ஒரே நாளில் தேய்வது அதைவிட அதிகமாகிவிடலாம். கூரான கல் ஒன்று அடியில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். அதோடு நொண்டல்தான். மற்ற நாளில் வெறுங்கால், கடினமான பாதைக்கு மட்டும் பூட் என்ற யோசனை இப்படித்தான் வந்தது.

'ஸ்டெப்னி'யாக வந்தது

1970களின் தொடக்கத்தில் நீல் கிளாஸ் என்பவர் 'ஈஸிபூட்' என்ற காலணியை உருவாக்கினார். ஆரம்பத்தில் இது பெரும்பாலும் ஸ்டெப்னி டயர் மாதிரிதான். வழியில் லாடம் கழன்று விழுந்தால் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ள. இன்றும் பல சவாரிக்காரர்கள் சேணத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.

பிறகு இரண்டு வகையாகப் பிரிந்தது. ஒன்று, பட்டை அல்லது கேபிள் போட்டு இறுக்கும் வகை. பயிற்சிக்கு மாட்டலாம், வீடு வந்ததும் கழற்றிவிடலாம். இன்னொன்று, பசையால் ஒட்டும் 'க்ளூ-ஆன்'. பட்டையே கிடையாது, மெல்லிய ஓடு மாதிரி குளம்போடு ஒட்டிக்கொள்ளும். பெரிய போட்டிகளுக்கு இதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். 2012 டெவிஸில் முதலில் வந்த 'த ஃப்யூரி' என்ற குதிரையின் காலில் இருந்தது இந்த வகைதான். ஓட்டியவர் கேரட் ஃபோர்டு, ஈஸிபூட் நிறுவனத்தின் உரிமையாளர். இதைவிட பெரிய விளம்பரம் வேறென்ன வேணும்!

சொதப்புவது எங்கே?

பெரும்பாலும் அளவில்தான். குளம்பின் அகலத்தையும் நீளத்தையும் மில்லிமீட்டரில் எடுக்க வேண்டும், அதுவும் குளம்பைச் சீவிய உடனே. முன்னங்கால் குளம்பு உருண்டையாக இருக்கும், பின்னங்கால் சற்று நீளம். அதனால் நான்கு காலுக்கும் ஒரே சைஸ் என்று வாங்கினால் சிக்கல். நாலைந்து வாரத்தில் குளம்பு வளர்ந்ததும், கச்சிதமாக இருந்த பூட்டே டைட் ஆகிவிடும்.

லூஸாக இருந்தால் இன்னும் மோசம். பூட் திருகும், சேற்றில் உருவிக்கொண்டு போகும். உள்ளே மணல் புகுந்து குதிகாலின் மென்மையான இடத்தை உரசி உரசிப் புண்ணாக்கும். 10 கி.மீ. பயிற்சியில் வெறும் சிவப்பாகத் தெரிகிற இடம், 80 கி.மீ. தாண்டும்போது ரத்தக் காயமாகிவிடும். அதனால்தான் போட்டி நாளில் புது பூட் போடுவது கூடவே கூடாது என்கிறார்கள்.

ஒட்டும் வகையில் பிரச்னை வேறு. குளம்பு துளி ஈரமில்லாமல், தூசி இல்லாமல் இருக்க வேண்டும். சுவரை அரத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி, கையுறை போட்டுக்கொண்டு ஒட்டுவார்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால்கூடப் பிடிப்பு போய்விடும். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே குதிரை ஈரத்தில் கால் வைத்துவிட்டால், மறுபடி முதலிலிருந்து. போட்டிக்கு ஓரிரு நாள் முன்பு இந்த வேலை மணிக்கணக்கில் நடக்கும்.

இன்னொரு தப்பு, அவசரம். வருஷக்கணக்கில் லாடத்தோடு இருந்த குதிரைக்கு இன்று கழற்றி, அடுத்த மாதம் போட்டி என்றால் நடக்காது. முன்பக்கக் குளம்பு மேலிருந்து தரை வரை புதிதாக வளர்ந்து இறங்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். அதுவரை தவறாமல் சீவ வேண்டும், தீவனத்தில் சர்க்கரைச் சத்தைக் கவனிக்க வேண்டும், மெதுவாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும். அடிப்பாகம் பிறவியிலேயே மெல்லியதாக இருக்கும் சில குதிரைகளுக்கு இது ஒத்துவராமலும் போகலாம்.

டெவிஸில் முதல் 10 இடங்களில் முடித்த குதிரைகளுக்கு மறுநாள் காலையில் இன்னொரு சோதனை இருக்கிறது. அவற்றில் உடல்நிலை நன்றாக இருக்கும் குதிரைக்கு 'ஹாகின் கப்' கொடுப்பார்கள். முதலில் வந்த கோப்பையைவிட இதைப் பெருமையாக நினைப்பவர்களும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு, பூட்டின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி நெம்பி எடுப்பார்கள். குதிரை மறுபடி வெறுங்காலில்.